கட்டு காத்து வாங்காமல் பார்த்துக்கணும்!

"ஏன் அக்கா, அண்ணன் இடுப்பிலே என்ன, புது மாதிரி செல்போனா?" என்று எதிர் வீட்டுப் பெண் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். வேட்டி மடிப்பில் சொருகியிருந்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, முழங்காலைத் தாண்டி, பாதத்துக் கட்டுக்குள் போயிற்று.

"செல்போன் இல்லேம்மா, இது கால் பம்ப்செட்டு" என்றார் அவர். அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டி வருவதற்கு முன் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்?

அந்தப் பம்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் 'வேக்' கட்டு என்பார்கள், 'நெகடிவ் பிரஷர்' கட்டு என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு உறிஞ்சுக் கட்டு என்று பெயர். சர்க்கரைக்காரர் இல்லாத வீடு நம் பக்கத்தில் அபூர்வமாகிவிட்டது. ஆகவே யாராவது ஒரு சகோதரிக்காவது இது உபயோகப்படும் என்று நம்புகிறேன்.

அவருக்கு சிலைப் பட்டறையில் வேலை. எங்கள் சுவாமிமலையில் தெருவுக்கு ஒரு பட்டறை உண்டு. வார்த்து எடுத்த சிலையை அரத்தால் ராவி, உளியால் நகாசு செய்வது அவர் கைவேலை. 11 வருஷமாக சர்க்கரை. மாத்திரை போடுவார், மறந்தும் போவார். பட்டறையில் டீ வரும்போதெல்லாம் ஒரு டீ.

2023ஆம் வருஷம் சித்திரை மாதம். உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனோம். 60 படி ஏறி தரிசனம் செய்துவிட்டு இறங்கி, கீழ்ப் பிராகாரத்தைச் சுற்றினோம். கருங்கல் தரை கொதித்தது. நான் குதிகாலைத் தூக்கித் தூக்கி நிழல் தேடி ஓடினேன். அவர் சாவகாசமாக நடந்து வந்தார்.

"உங்களுக்குச் சுடலியா?"

"இல்லியே. நல்லாத்தானே இருக்கு."

அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. என்ன பக்தி இவருக்கு என்றுதான் நினைத்தேன்!

நாலைந்து நாள் கழித்து, கூடத்து சிமெண்ட் தரையில் ஈரக் காலடித் தடம் தெரிந்தது. கால் அலம்பிவிட்டு வந்திருப்பார் என்று துணியால் துடைத்தேன். மறுபடியும் தடம். ஒரே காலின் தடம், அதுவும் பிசுபிசுவென்று. காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால், சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். அவருக்கு அது இருப்பதே தெரியாது.

இங்கே என் தப்பையும் எழுதிவிடுகிறேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டேன். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். சூடு தெரியாத காலை வெந்நீரில் வைப்பதா என்று யோசிக்கத் தோன்றவில்லை. அப்புறம் பக்கத்தில் ஒருவரிடம் மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டோம். தினமும் ஏதோ பவுடர், இரண்டு நாளைக்கு ஒரு ஊசி. "வலிக்கலியா? அப்ப நல்லாயிட்டு வருது" என்பார் அவர். நாங்களும் நம்பினோம்.

வலி இல்லாததே வியாதி என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் நம் வேலூரில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோய்க்காரர்களின் கையும் காலும் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி போனதால் சுட்டதும் குத்தியதும் தெரியாமல் போய் அதனால்தான் புண்ணாகிறது என்று கண்டு சொன்னார். சர்க்கரையால் நரம்பு மரத்த காலுக்கும் அதே கதிதான். ஆனால் வேலூரில் தெரிந்த விஷயம் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

வைகாசி முடியும் சமயம் கால் வீங்கியது. குளிர் ஜுரம். அறையில் நுழைந்தால் ஒரு வாடை. முதலில் கும்பகோணம், அங்கிருந்து தஞ்சாவூர். டாக்டர் காலில் ஒரு கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டார். எனக்கும் கேட்டது, 'உஷ், உஷ்' என்று.

"ரத்தம் ஓடுதும்மா. அதனால காலைக் காப்பாத்தப் பார்க்கலாம். விரல் ரெண்டு போயிடும். இன்னும் தாமதிச்சா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின. அழுகின சதையையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்த பிறகு பார்த்தால், பாதத்தின் ஓரத்தில் என் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பள்ளம். எலும்புக்குப் பக்கம் வரை தெரிந்தது. இது எப்படி மூடும், எந்த ஜென்மத்தில் மூடும் என்று வயிறு கலங்கியது.

இரண்டாம் நாள் அந்தப் பள்ளத்துக்குள் ஒரு ஸ்பாஞ்சைத் துண்டு பண்ணி வைத்தார்கள். மேலே கண்ணாடி மாதிரி ஒட்டுத்தாளை ஒட்டி, ஒரு குழாயைப் பொருத்தி, அந்தக் குழாயைச் சுவரில் இருந்த உறிஞ்சும் கருவியில் மாட்டினார்கள். மாட்டின உடனே, உப்பலாக இருந்த ஸ்பாஞ்சு சுருங்கி, காய்ந்த நெல்லிக்காய் மாதிரி ஆயிற்று. குழாயில் சிவப்பும் மஞ்சளுமாக நீர் ஏறியது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இப்படிக் கையில் இருக்கிற சாமானை வைத்தே செய்துகொள்கிறார்கள். பலன் உண்டு. ஆனால் ஆள் எட்டு நாள் சுவரோடு கட்டிப்போட்ட மாதிரி. குழாயைக் கழற்றினால்தான் பாத்ரூம் போகலாம்.

திருச்சியில் நர்ஸாக இருக்கும் என் அக்கா மகள் லீவு போட்டு வந்திருந்தாள். "சித்தி, இது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்குங்க. அப்பதான் வீட்டிலே பார்த்துக்க முடியும்" என்று உட்கார வைத்துச் சொன்னாள். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நம்மைச் சுற்றியுள்ள காற்று எப்போதும் நம் மேல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கணக்கில் அது 760. கட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அங்கே அழுத்தத்தை 125 அளவு குறைத்து வைக்கிறது பம்ப். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதனால் புண்ணில் ஊறும் கெட்ட நீர் தேங்காமல் வெளியே வந்துவிடுகிறது, வீக்கம் வடிகிறது. புண்ணின் ஓரங்கள் உள்பக்கமாக இழுபடுகின்றன. இழுபடுகிற சதையில் புதுச் சதை வளரத் தூண்டுதல் கிடைக்கிறது. மாதுளை முத்து மாதிரி சிவப்பாகப் பொரி பொரியாகச் சதை வந்தால் நல்ல குறி என்றாள்.

இதில் முக்கியமான ஒன்று. எங்கும் காற்று நுழையக் கூடாது. நம் டெல்டா ஜனங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை! வயலில் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. "எங்கேயோ காத்து வாங்குது" என்று பைப்பைத் தடவித் தடவி ஓட்டையைத் தேடுவார்கள். அதேதான் இதுவும்.

இந்த முறை ரொம்பப் பழசும் இல்லை. ஜெர்மனியில் 1990களின் ஆரம்பத்தில் ஸ்பாஞ்சு வைத்துச் செய்து எழுதினார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் 1997ல் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு ஆன புண்ணில் இது உதவுகிறதா என்று 162 பேரை வைத்துப் பார்த்து, 2005ல் வெளியிட்டார்கள். 16 வாரத்துக்குள் புண் மூடியது, உறிஞ்சுக் கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கு, சாதாரணக் கட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு. அக்கா மகள் இதைச் சொன்னதும் எனக்குத் தைரியம் வந்தது, கூடவே பயமும் வந்தது. 56 போக மீதிப் பேர் இருக்கிறார்களே!

அவர் வீட்டுக்கு வரும்போது, தோளில் மாட்டிக்கொள்கிற பம்ப் ஒன்று கொடுத்தார்கள். கைப்பை அளவு இருக்கும். அதில் ஒரு டப்பா. உறிஞ்சின நீர் டப்பாவில் சேரும். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்துவிட்டது. கட்டுச் சாமான்களை வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. பம்பை வாடகைக்கு எடுத்தோம். ஸ்பாஞ்சு, ஒட்டுத்தாள், டப்பா எல்லாம் விலைக்கு. யாராவது இந்தக் கட்டுப் போடச் சொன்னால், எத்தனை நாள், எது வாடகை, எது விலை, எது காப்பீட்டில் சேரும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

ஸ்பாஞ்சை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விட்டால் புதுச் சதை ஸ்பாஞ்சின் ஓட்டைக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதை நான் தொடவில்லை. ஆட்டோவில் கும்பகோணம் போய் நர்ஸ் கையால்தான். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்பாஞ்சை எடுக்குமுன் உப்புநீர் விட்டு ஊற வைப்பார்கள். உள்ளே எத்தனை துண்டு வைத்தார்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ண வேண்டும். ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டால் வினை. எங்கள் நர்ஸ் ஒட்டுத்தாள் மேலேயே பேனாவால் '2' என்றும் தேதியையும் எழுதிவிடுவார். ஸ்பாஞ்சைப் புண்ணுக்கு நேர் மேலே வைத்துக் கத்தரிக்க மாட்டார், தள்ளிப்போய்க் கத்தரித்துத் துகளைத் தட்டிவிட்டு வருவார். நல்ல தோல் மேல் ஸ்பாஞ்சு படவும் கூடாது, தோல் வெந்துபோகும். இன்னொன்று, குழாயின் வாய் உள்ளங்காலில் வராமல், ஸ்பாஞ்சை ஒரு பாலம் மாதிரி நீட்டிப் புறங்காலுக்குக் கொண்டுவந்து அங்கே குழாயைப் பொருத்தினார். குழாய் மேல் அழுந்தினால் அந்த இடத்தில் அவருக்கு இன்னொரு புண் வருமே, அதுவும் வலிக்காதே!

வீட்டில் என் வேலை காவல் காப்பது. பம்ப் ஓடுகிறதா? ஸ்பாஞ்சு சுருங்கியே இருக்கிறதா? டப்பா நிறைந்ததா? குழாய் மடிந்ததா? இந்த வகைப் பம்பை ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது, அதற்கு மேல் நின்றுபோனால் கட்டைப் பிரித்து விடச் சொல்லியிருந்தார்கள். உறிஞ்சாத ஸ்பாஞ்சு, அழுக்குத் தண்ணீர் தேங்கிய குட்டைதான். பேட்டரியில் ஓடும் என்றாலும், கரெண்ட் இருக்கும்போதே சார்ஜ் போட்டு வைத்துக்கொள்வேன். எங்கள் ஊர் கரெண்டை நம்பலாமா?

ரத்தம் பற்றி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். இளஞ்சிவப்பாக நீர் வருவது சகஜம். குழாயில் பளிச்சென்று புது ரத்தம் ஓடினால் பம்பை உடனே நிறுத்திவிட்டு, கட்டைப் பிரிக்காமல், அதன் மேலேயே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை உண்டு. அதனால் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். நல்ல வேளையாக அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது வேறு. நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பம்ப் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. காற்று வாங்குகிறது! எங்கே என்று தெரியவில்லை. விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை அவர் பாதத்தோடு வைத்துக் கேட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். "என் காலிலே போய்க் காதை வைக்கறியே, நாத்தம் இல்லே?" என்றார். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் என்னவோ செய்கிறது. அந்த வாடையில் யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே போய்ப் படுத்துவிடுகிற ஆள் அவர்.

"பேசாம இருங்க. காத்து எங்கே போவுதுன்னு கேக்கணும்" என்றேன்.

கட்டைவிரல் பக்கம், மூன்றாவது விரல் இடுக்கில் 'ஸ்' என்று மெல்லிய சத்தம். அங்கே ஒட்டுத்தாள் தூக்கிக்கொண்டிருந்தது. காரணம் நான்தான். கால் வறண்டிருக்கிறதே என்று சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். எண்ணெய் பட்ட தோலில் எதுவும் ஒட்டுமா? வியர்வையும் அப்படியே. கட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய், பவுடர், களிம்பு ஒன்றும் கூடாது, ரோமம் இருந்தால் கத்தரித்துவிட வேண்டும். துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, மீதி ஒட்டுத்தாளில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். சுருக்கம் விழுந்தது. சத்தம் நிற்கவில்லை. இரண்டாவது துண்டும் சுருக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்படிக் குடு" என்றார் அவர்.

எழுந்து உட்கார்ந்து, காலை மடக்கி, மூன்றாவது துண்டை அவரே ஒட்டினார். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, விரல் இடுக்கில் நகம் படாமல் வழித்துக்கொண்டே போனார். மெழுகுப் பதுமைக்குக் கழுத்து மடிப்பு எடுக்கிற அதே கை. சத்தம் நின்றது. ஸ்பாஞ்சு சுருக்கென்று உள்ளே போயிற்று.

"மெழுகு மேலே மண்ணு கட்டறப்போ ஊசி முனை வழி இருந்தாலும் காய்ச்சி ஊத்தின உலோகம் வெளியே வந்துடும். இதுவும் அதான்" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான். அன்றிலிருந்து ஓட்டை அடைக்கிற உத்தியோகம் அவருடையது. ஒரு தடவை, "விரல் இடுக்கிலே கொஞ்சம் தேன்மெழுகு வெச்சா என்ன?" என்று ஆரம்பித்தார். ஐயோ வேண்டாம் என்று அக்கா மகளுக்குப் போன் போட்டேன். "சித்தப்பாவுக்கு மூளை பலே! ஆனா பட்டறை மெழுகு கூடாது. வயிற்றுப் பை ஒட்டுறவங்களுக்கு ஒரு பசை விக்குது, அதை வெச்சு இடுக்கை நிரப்பலாம், நர்ஸ்கிட்டே கேளுங்க" என்றாள். கேட்டோம். அடுத்த கட்டிலிருந்து ஓட்டை தொந்தரவு பாதியாகக் குறைந்தது.

இரண்டரை வாரத்தில் பள்ளம் மேலேறி, நீர் ஊறுவதும் குறைந்தது. அப்போதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன சின்னப் பெட்டி வந்தது. 'பைகோ' என்று பெயர். இதில் டப்பாவே கிடையாது. ஸ்பாஞ்சும் தனியாக இல்லை, கட்டே நாலு அடுக்காக வருகிறது. உறிஞ்சின நீரை அந்த அடுக்கு வாங்கிக்கொண்டு, மேல் தாள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விட்டுவிடுகிறது. 125க்குப் பதில் 80 அழுத்தம். கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி சின்ன பேட்டரி இரண்டு. எங்களுக்குக் கொடுத்தது ஏழு நாள் ஓடும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். பச்சை மின்னினால் சரி, ஆரஞ்சு மின்னினால் காற்று வாங்குகிறது அல்லது பேட்டரி தீர்ந்தது. சத்தமே இல்லாததால் எனக்கு முதல் நாள் நம்பிக்கையே வரவில்லை, பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்! குளிக்கும்போது பம்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அது நனையக் கூடாது. காலில் நேராகத் தண்ணீர் விடவும் கூடாது.

நீர் நிறைய வருகிற புண்ணுக்கு இந்தச் சின்னது தாங்காது. அதனால் ஆரம்பத்திலேயே இது வேண்டும் என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. எல்லாப் புண்ணுக்கும் உறிஞ்சுக் கட்டுப் போடுவதும் இல்லை. கறுத்துச் செத்த சதையை எடுக்காமல் அதன் மேல் போடக் கூடாது. எலும்பில் சீழ் பிடித்து வைத்தியம் ஆகாதவர்களுக்கும், புற்று நோய்ப் புண்ணுக்கும், ரத்தக் குழாய் வெளியே தெரிகிற இடத்திலும் கூடாது. காலுக்கு ரத்தமே போகவில்லை என்றால் முதலில் அதற்குத்தான் வழி பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தன் முழங்கால் புண்ணுக்கு "அந்தப் பொட்டியை எனக்கும் வாங்கிக் குடு" என்று மகனை நச்சரித்தார். டாக்டர் பார்த்துவிட்டு இதற்குச் சாதாரணக் கட்டே போதும் என்றார். அதில் ஆறியும் விட்டது.

சின்னப் பெட்டி வந்ததும் ஒரு வம்பும் வந்தது. நடமாட முடிகிறதே, பட்டறைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஒரு ஆர்டர் பாக்கி, கூலி வந்தால் வளையலை மீட்கலாம் என்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பம்ப் உறிஞ்சி உறிஞ்சிச் சதையை வளர்க்கும், நீங்க மிதிச்சு மிதிச்சு நசுக்குங்க!" என்று கத்தினேன். டாக்டர் சொன்னதும் அதுதான். புண்பட்ட பாதத்தில் உடம்பின் பாரம் விழுந்தால் எந்தக் கட்டும் வேலை செய்யாது. கூடவே சர்க்கரை அளவு இறங்க வேண்டும். இன்சுலினுக்கு மாற்றியிருந்தார்கள். டீக்குச் சர்க்கரை அடியோடு நிறுத்தம், ராத்திரி சாதத்தில் பாதி குறைத்து முட்டையும் பயறும்.

கடைசியில் பட்டறை முதலாளியே வழி சொன்னார். உட்கார்ந்து செய்கிற மெழுகு வேலையை வீட்டுக்கு அனுப்பினார். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சின உருண்டை வரும். இவர் திண்ணையில் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கையும் காலும் முகமுமாக உருட்டிக்கொண்டிருப்பார். எழுந்தால் வாக்கர். வீட்டில் புண் வாடை போய்க் குங்கிலிய வாசனை வந்தது.

ஆடியில் உறிஞ்சுக் கட்டை நிறுத்தினார்கள். புண் தோல் மட்டத்துக்கு வந்துவிட்டது, இனி மேல்தோல் மூடினால் போதும் என்று சாதாரணக் கட்டு. அந்த வருஷம் மேட்டூரில் ஜூன் 12ந் தேதியே தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆடிப்பெருக்குக்குக் காவேரியில் தண்ணீர் இருந்தது. ஆறாத புண்ணோடு ஆற்றில் இறங்கக் கூடாதே, நான் மட்டும் போய் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தேன். புரட்டாசி கடைசியில் புண் முழுக்க மூடியது. ஆக, பம்ப் ஓடினது சுவர்க் கருவியையும் சேர்த்தால் ஐந்தரை வாரம்தான். அதற்கப்புறம் மூன்று மாதக் காவல்.

இப்போது அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு. மெத்தென்ற ரப்பரில், விரல் போன இடத்தில் பஞ்சுத் திண்டு வைத்துச் செய்தது. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். என் மாமியார் இருந்திருந்தால் அடுப்பங்கரைக்குள் செருப்பா என்று ஆடியிருப்பார். கோயிலுக்கு விடியற்காலையில், கல் குளிர்ந்திருக்கும்போது, கெட்டியான சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறோம்.

மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021ல் ஆரம்பித்தது. அதில் எங்கள் தெருவுக்கு வருகிற பெண் அவரைப் பார்த்தால் காலைக் காட்டச் சொல்லுவாள். சர்க்கரைக்காரர் பாதங்களுக்கென்றே தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலில் நடத்திப் பார்த்து, பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்கு விரித்தார்கள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் பத்து இடத்தில் அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். ஒரு நிமிஷ வேலை. அந்தச் சித்திரைக்கு முன்னால் யாராவது ஒருவர் அந்த இழையை அவர் காலில் அழுத்தியிருந்தால், நான் அவரை அந்தக் கல்லில் நடக்க விட்டிருப்பேனா?

ராத்திரி சாப்பாடு ஆனதும் அவர் காலை என் மடியில் வைத்துக்கொள்வேன். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, செல்போன் டார்ச் ஒன்று. விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, தழும்பு எல்லாம் பார்ப்பேன். முதலில் கூச்சப்பட்டவர் இப்போது மணி ஒன்பதானால் தானே காலை நீட்டிவிடுகிறார். நேற்று குதிகாலில் ஏதோ மினுக்கென்றது. அரத்தூள். எள்ளில் பாதி அளவு வெண்கலச் சுருள், தோலுக்குள் பாதி ஏறியிருந்தது.

"ஏங்க, இது குத்தலியா உங்களுக்கு?"

"எது?" என்றார்.

இடுக்கியால் பிடுங்கி எடுத்து, சோப்புத் தண்ணீரால் அலம்பித் துடைத்து, உலர்ந்த துணி வைத்துக் கட்டினேன். காலையில் கும்பகோணம் நர்ஸிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வரவேண்டும்.